'அல்த்ரெத்தான்தோ' எல்லா இடத்திலும் செல்லுமா? இத்தாலியில் வாழ்த்துக்கு மறுவாழ்த்து

போ_ஆற்றங்கரை:

வணக்கம். தோரீனோவில் முதுகலை முதல் ஆண்டு படிக்கிறேன். வகுப்பு ஆங்கிலத்தில் என்பதால் படிப்புக்குத் தொல்லை இல்லை. வாசலைத் தாண்டினால்தான் இத்தாலியன். காய்கறி வாங்க, பஸ் விசாரிக்க, வாடகை பேச என்று ஓரளவு தேறிவிட்டேன். இன்னும் பிடிபடாமல் இருப்பது இந்த ஊர்க்காரர்களின் வாழ்த்துப் பழக்கம்.

எதற்கெடுத்தாலும் வாழ்த்துகிறார்கள். ரொட்டிக்கடை அம்மா மீதிச் சில்லறையோடு 'புவோனா ஜோர்னாதா' என்கிறார், நாள் நல்லபடியாகப் போகட்டும் என்று. பொழுது சாய்ந்துவிட்டால் அது 'புவோனா செராதா' ஆகிவிடுகிறது. லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கூட மூன்றாம் மாடியில் இறங்கும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார். நூலக வாசலில் அட்டை பார்ப்பவர் 'புவோனோ ஸ்தூதியோ' என்கிறார், நன்றாகப் படி என்று. வெள்ளிக்கிழமை வந்தால் வார இறுதிக்குத் தனியாக ஒன்று.

அறைத்தோழன் தெற்கே பாரி ஊர்க்காரன். அவன் ஒரே விதி சொல்லிக் கொடுத்தான்: யார் என்ன வாழ்த்தினாலும் 'கிராட்ஸியே, அல்த்ரெத்தான்தோ'. நன்றி, உங்களுக்கும் அப்படியே. இந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டு எல்லாப் பூட்டையும் திறக்கலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன்:

திறக்கலாம். பல வருஷமாக மிலானோவில் அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். வாழ்த்துகிறவர் நம் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை, அதற்குள் பாதிப் படி இறங்கியிருப்பார். இழையைப் பூட்டிவிடலாம்.

பொலோன்யா_வாசி:

அவசரப்பட்டுப் பூட்ட வேண்டாம். பத்தில் எட்டு இடத்தில் அது செல்லும் என்பது உண்மைதான். மிச்ச இரண்டு இடத்தில்தான் சிரிப்பு வரும்.

ஓட்டலில் தட்டை வைத்துவிட்டுப் பரிமாறுபவர் 'புவோன் அப்பெத்தீதோ' என்கிறார். பசியாரச் சாப்பிடுங்கள் என்பதுதான். அவருக்குப் போய் 'உங்களுக்கும் அப்படியே' என்றால், கையில் நாலு தட்டோடு நிற்கிற மனிதர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்? அங்கே வெறும் 'கிராட்ஸியே' போதும். அதே சொல்லை எதிரில் சாப்பிட உட்கார்ந்திருக்கும் நண்பன் சொன்னால் 'அல்த்ரெத்தான்தோ' கச்சிதமாகப் பொருந்தும். நீங்கள் அலுவலகத்தில் டப்பாவைத் திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் நடந்து போகிற சக ஊழியர் சொன்னால்? அவர் சாப்பிடப் போகிறாரா, சாப்பிட்டுவிட்டு வருகிறாரா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

ரயிலும் அப்படித்தான். உங்களை ஏற்றிவிட வந்தவர் 'புவோன் வியாஜ்ஜோ' என்று பயணத்துக்கு வாழ்த்துகிறார். அவர் எங்கேயும் போகவில்லை, வண்டி நகர்ந்ததும் வீட்டுக்குத் திரும்பப் போகிறார். அவருக்கு 'கிராட்ஸியே, புவோனா ஜோர்னாதா'.

இதில் நான் பார்த்துக் கற்றது ஒன்றுதான். முதலில் நன்றி, அது எந்த வாழ்த்துக்கும் பொருந்தும் (ஓநாய் ஒன்று தவிர, அதை யாராவது கேட்டால் சொல்கிறேன்). பிறகு, எதிரில் இருப்பவர் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யப் போகிறார் என்று பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு 'புவோன்' போட்டால் மறுவாழ்த்து தயார். கடைக்காரர் கடையில்தான் இருக்கப் போகிறார், அதனால் 'கிராட்ஸியே, புவோன் லவோரோ', வேலை நல்லபடியாக நடக்கட்டும் என்று. மாலையில் கடையை அடைக்கிற நேரம் என்றால் 'புவோனா செராதா'. ஆகஸ்டில் நீங்கள் கடலுக்குக் கிளம்பும்போது ஊரிலேயே தங்குகிற சக ஊழியர் விடுமுறைக்கு வாழ்த்தினால், 'கிராட்ஸியே, உனக்கு புவோன் லவோரோ' என்று குறும்பாகச் சொல்லலாம். ஆனால் அவரோடு பழகிய பிறகு.

இத்தாலியர்கள் இந்தப் 'புவோன்' வரிசையை எவ்வளவு நீளமாக இழுக்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நடக்கப் போகிறவருக்கு ஒன்று, தூங்கப் போகிறவருக்கு ஒன்று. விடுமுறை முடிந்து செப்டம்பரில் வேலைக்குத் திரும்புகிறவருக்குக்கூட 'புவோன் ரியென்த்ரோ' உண்டு. ஒன்றும் தோன்றவில்லை என்றால் 'புவோன் ப்ரொசெகுயிமென்தோ', அதாவது நீங்கள் செய்துகொண்டிருப்பது நன்றாகத் தொடரட்டும். என்ன செய்கிறார் என்றே தெரியாதவருக்கும் இதைச் சொல்லலாம்.

இலக்கணப்_பூனை:

'அல்த்ரெத்தான்தோ'வின் உண்மையான வசதியை யாரும் சொல்லவில்லையே.

இத்தாலியனில் நீ, நீங்கள் என்று பிரித்துத்தான் பேச வேண்டும். நண்பனுக்கு 'தூ', தெரியாதவருக்கும் பெரியவருக்கும் 'லேய்'. மறுவாழ்த்திலும் அது தொடரும்: நண்பனுக்கு 'ஆன்கே ஆ தே' (உனக்கும்), பெரியவருக்கு 'ஆன்கே ஆ லேய்' (உங்களுக்கும்), இரண்டு மூன்று பேர் சேர்ந்து நின்றால் 'ஆன்கே ஆ வோய்'. பக்கத்து வீட்டு ஆளை நீ என்பதா நீங்கள் என்பதா என்று முடிவாகாத காலம் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அப்போது 'அல்த்ரெத்தான்தோ' காப்பாற்றும், ஏனென்றால் அதில் நீயும் இல்லை நீங்களும் இல்லை. யாருக்குச் சொன்னாலும், எத்தனை பேருக்குச் சொன்னாலும் சொல் மாறாது.

நடுவில் வருகிற அந்தச் சின்ன 'ஆ' முக்கியம். ஆங்கிலம் வழியாகக் கற்கிறவர்கள் 'ஆன்கே தூ', 'ஆன்கே லேய்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது 'நீயும்', 'நீங்களும்' ஆகிவிடும். தமிழில் யோசித்தால் இந்தக் குழப்பமே வராது. நாம் 'உங்களுக்கும்' என்றுதானே சொல்வோம், 'நீங்களும்' என்று சொல்ல மாட்டோமே. அந்தக் 'கு'தான் இந்த 'ஆ'.

உச்சரிப்பு: கடைசித் 'தோ', 'தோட்டம்' என்பதில் வருகிற தோ. நாம் எழுதியபடியே படித்தால் மெலிந்துவிடும்.

சும்மா_வந்தவன்:

சரி, இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிடும்.

பொலோன்யா_வாசி:

மூடட்டும். அடுத்த முறை வரும்.

நாப்போலி_அக்கா:

நான் இங்கே ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். புத்தகத்தில் படித்ததைவிட அந்த சிஞோராவிடம் கற்றதுதான் அதிகம். பூனை சொன்ன 'லேய்' எல்லாம் வடக்கில் சரி. நாப்போலியில் வயதானவர்களிடம், ஒரே ஆளாக இருந்தாலும், 'வோய்' என்றுதான் பலரும் சொல்வார்கள். அதனால் எங்கள் கட்டடக் காவல்காரத் தாத்தாவுக்கு என் பதில் 'ஆன்கே ஆ வோய்'. அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று. நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வந்துவிட்டால் 'வுவோலே ஃபவோரீரே?' என்று கேட்பது இங்கே பழைய வழக்கம். கொஞ்சம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று அர்த்தம். மதியம் மருந்துக் கடைப் பையன் மாத்திரை கொண்டுவந்தால், சிஞோரா வாயில் மக்ரோனி இருக்கும்போதே முள்கரண்டியைத் தட்டின் பக்கம் நீட்டிக் காட்டிக் கேட்பார். பையன் வாசலைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டான். 'கிராட்ஸியே, கோமே ஸே அவெஸ்ஸி அச்செத்தாதோ' என்பான். ஏற்றுக்கொண்ட மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள் என்று. பிறகு 'புவோன் அப்பெத்தீதோ' சொல்லிவிட்டுப் படியிறங்குவான். 'வாங்க சாப்பிடலாம்' என்றதும் 'ஆச்சு, நீங்க சாப்பிடுங்க' என்று வளர்ந்த எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

இங்கேயும் ஒரு முரண் உண்டு. நாகரிக விதிகளில் கறாராக இருப்பவர்கள் விருந்து மேசையில் 'புவோன் அப்பெத்தீதோ' சொல்வதையே விரும்புவதில்லை. வீட்டம்மா முள்கரண்டியை எடுத்தால் எல்லோரும் தொடங்க வேண்டும், அவ்வளவுதான் என்பார்கள். சிஞோராவின் மருமகள் அந்தக் கட்சி. அவர் வரும் ஞாயிறுகளில் நாங்கள் சத்தமில்லாமல் சாப்பிடத் தொடங்குவோம். நீங்கள் அப்படி ஒரு மேசையில் இருந்தால், யாரும் சொல்லாதவரை நீங்களும் சொல்ல வேண்டாம். யாராவது சொல்லிவிட்டால் பதில் சொல்லாமல் விடுவது அதைவிட மோசம், 'கிராட்ஸியே' சொல்லிவிடுங்கள்.

போ_ஆற்றங்கரை:

அக்கா, இதை நான் எங்கேயும் படித்ததில்லை. நன்றி.

வாசி அண்ணா ஓநாயைச் சொல்கிறேன் என்றீர்களே. ஜனவரியில் தேர்வு என்று சொன்னதும் வகுப்பில் எல்லோரும் 'இன் போக்கா அல் லூப்போ' என்கிறார்கள். ஓநாய் வாய்க்குள்ளே போ என்பது வாழ்த்தா?

பொலோன்யா_வாசி:

வாழ்த்துதான். அதற்குப் பதில் 'க்ரேப்பி'. ஓநாய் செத்து ஒழியட்டும். நன்றி சொல்லக் கூடாத ஒரே இடம் இதுதான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், சொன்னால் ராசி கெட்டுவிடுமாம். நல்லதை நேராக வாழ்த்தினால் கண்பட்டுவிடும் என்று கெட்டதைச் சொல்லி நல்லதை வரவழைக்கிற பழக்கம் அது. வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது என்பார்கள். இன்றைக்கும் வேட்டைக்குப் போகிறவருக்கு வேட்டை நன்றாக அமையட்டும் என்று வாழ்த்த மாட்டார்கள், ஓநாயைத்தான் சொல்வார்கள்.

மாணவர்களிடம் இந்தப் பயம் அதிகம். எங்கள் ஊரில் அஸினெல்லி கோபுரம் இருக்கிறதே, 97 மீட்டர் உயரம், 498 படி. பட்டம் வாங்குவதற்கு முன்னால் அதன் உச்சிக்கு ஏறினால் பட்டமே கிடைக்காது என்று நம்பி, வருஷக்கணக்காக அதன் அடியில் காப்பி குடித்துக்கொண்டே மேலே ஏறாமல் போகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவனிடம் போய் 'நல்லதிர்ஷ்டம்' என்றால் பாக்கெட்டுக்குள் சாவியைத் தேடித் தொடுவான். இரும்பைத் தொட்டால் தோஷம் கழியுமாம்.

அதனால் தேர்வு, நேர்முகம், ஓட்டுநர் உரிமம் எதற்கும் 'லூப்போ' என்று கேட்டவுடன் 'க்ரேப்பி'. வேறு யோசனை வேண்டாம்.

மலைப்_பாதை:

வேறு யோசனை வேண்டும்! ஓநாய் ஏன் சாக வேண்டும்? நான் அப்ருட்ஸோ பக்கம் இருக்கிறேன். இங்கே பல பேர், முக்கியமாக இளைஞர்கள், 'வீவா இல் லூப்போ' என்கிறார்கள். ஓநாய் வாழ்க. தாய் ஓநாய் தன் குட்டியை வாயில் கவ்வித்தான் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகும், அந்த வாய்க்குள் இருப்பதுதான் வாழ்த்து என்று விளக்கமும் சொல்வார்கள்.

பொலோன்யா_வாசி:

அந்த விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் ஒட்டவைத்தது. தாயின் வாய்தான் என்றால் பழைய பதில் ஏன் 'சாகட்டும்' என்று இருக்கப்போகிறது?

மலைப்_பாதை:

வரலாற்றில் நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் வாழ்த்து இன்றைக்குச் சொல்வது அல்லவா. 1970களின் தொடக்கத்தில் இத்தாலி முழுக்க நூறு ஓநாய்கள்போலத்தான் மிஞ்சியிருந்தன. 1971 வரை அது தீங்கு செய்யும் விலங்குகள் பட்டியலில் இருந்தது, அந்த ஆண்டுதான் எடுத்தார்கள். 2020-21இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் சுமார் 3,300 என்று மதிப்பிட்டார்கள். அவ்வளவு பாடுபட்டு மீண்ட பிராணியைத் தேர்வுக்குப் போகும்போதெல்லாம் சாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆட்டு மந்தை வைத்திருப்பவர் மட்டும் இந்தப் பக்கமும் பலமாக 'க்ரேப்பி' என்பார், அவருக்குக் காரணம் இருக்கிறது.

இலக்கணப்_பூனை:

இரண்டும் காதில் விழுகிறது, அதனால் இரண்டும் தெரிந்திருக்கட்டும். புதிதாகக் கற்கிறவருக்கு என் பரிந்துரை 'க்ரேப்பி'. அகராதிகளில் இருப்பது அது, எல்லா வயதினரும் எதிர்பார்ப்பதும் அது. 'வீவா' சொன்னால் சில பெரியவர்கள் ஓநாயைப் பற்றி உங்களுக்கு வகுப்பெடுப்பார்கள். 'க்ரேப்பி' சொன்னால் சில இளைஞர்கள் எடுப்பார்கள். ஆனால் 'அல்த்ரெத்தான்தோ' மட்டும் வேண்டாம். உங்களுக்கு வாழ்த்துச் சொன்னவருக்கும் அன்றைக்கே தேர்வு என்றால், முதலில் 'க்ரேப்பி', பிறகு அவருக்கு நீங்களும் ஒரு 'இன் போக்கா அல் லூப்போ'. அவர் முறைக்கு அவர் ஒரு 'க்ரேப்பி'.

சும்மா_வந்தவன்:

இதே ஜாதியில் திமிங்கிலம் ஒன்று இருக்கிறது. அதன் வாழ்த்தும் கெட்ட வார்த்தை, பதில் அதைவிடக் கெட்ட வார்த்தை. இங்கே எழுதினால் நிர்வாகி என்னைத் தூக்கிவிடுவார். நாடகக்காரர்கள் திரை தூக்கும் முன் சொல்லிக்கொள்வதும் சாணி சம்பந்தப்பட்டதுதான். அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் குதிரைச் சாணி எவ்வளவோ அவ்வளவு வண்டி, அவ்வளவு கூட்டம் என்று கணக்காம். நண்பன் நடிக்கிறான் என்று பார்க்கப் போனால் ஊதாச் சட்டையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அதுவும் ஆகாது.

வெரோனா_நர்ஸ்:

சொந்த ஊர் நாகர்கோவில். ஆஸ்பத்திரிக்குள் கணக்கே வேறு, அதனால் எழுதுகிறேன்.

இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறவருக்கு உள்ளே வருகிறவர் 'புவோன் ரிப்போஸோ' சொல்வார், நல்லா ஓய்வெடு என்று. அவர் திருப்பிச் சொல்வது 'புவோன் லவோரோ'. இரண்டு பேரும் எதிரெதிர் வேலைக்குப் போகிறார்கள், அதனால் எதிரெதிர் வாழ்த்து. இங்கே 'ஆன்கே ஆ தே' சொன்னால் வேலைக்கு வந்தவரைத் தூங்கச் சொன்னதாகிவிடும். வாசி சொன்ன விதிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரவு ஷிப்டுக்கு வருகிறவரிடம் 'அமைதியான ராத்திரியாக இருக்கட்டும்' என்று மட்டும் எங்கள் வார்டில் யாரும் வாழ்த்த மாட்டோம். சொன்ன அன்றைக்குத்தான் எல்லா மணியும் சேர்ந்து அடிக்கும். புதுசாக வந்த பெண் ஒருத்தி வாய் தவறிச் சொல்லிவிட்டாள், சீனியர் அக்கா மருந்து டிராலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறைத்த முறைப்பு இருக்கிறதே!

வீட்டுக்குப் போகிற நோயாளிகளிடம் 'அரிவெதெர்ச்சி' (மறுபடி பார்ப்போம்) என்றால், 'இங்கே வேண்டாம், வெளியே எங்காவது பார்ப்போம்' என்று சிரிப்பார்கள். நாம் சாவு வீட்டில் 'போயிட்டு வர்றேன்' சொல்லாமல் எழுந்து வருவதில்லையா, அந்தக் கூச்சம்தான். 'அவுகூரி' (வாழ்த்துகள்) என்றோ 'புவோனா ஜோர்னாதா' என்றோ முடித்துக்கொள்வது நல்லது. நோயாளி உங்களுக்குத் திருப்பிச் சொல்வது பெரும்பாலும் 'புவோன் லவோரோ'தான்.

துக்கம் விசாரித்தால் பதில் 'கிராட்ஸியே' மட்டும். கையைப் பிடித்துக்கொள்ளலாம். தும்மலுக்கு யாராவது 'ஸலூதே' என்றாலும் 'கிராட்ஸியே' மட்டும்.

பலெர்மோ_அண்ணை:

தம்பி தங்கச்சிமார் எல்லாரும் வடக்கையும் நடுவையும் பற்றியே கதைக்கிறியள். தெற்கின்ர கடைசியில் இருந்து ஒரு ஆள் எழுதுகிறேன். எங்கட ஆக்கள் 80களில் இருந்தே பலெர்மோவில் இருக்கினம். நான் யாழ்ப்பாணத்தால் வந்தவன், பிள்ளையள் இங்கேயே பிறந்து சிசிலியன் பேசுதுகள்.

இங்கே பழைய மனிதர் ஒருவரைக் கண்டால் சின்னவர்கள் 'அஸ்ஸபினிரிகா' என்பார்கள். என்னை ஆசீர்வதியுங்கோ என்று கேட்கிறது அது. அதற்குப் பெரியவர் சொல்லும் பதில் 'சாந்து ஏ ரிக்கு', புனிதனாகவும் பணக்காரனாகவும் இரு. இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி வாய்க்கும் என்று நான் கேட்டதில்லை. இப்ப நகரத்தில் அருமை, பகிடிக்குச் சொல்லுறவர்கள்தான் கூட. ஆனால் சந்தையில் எனக்கு மீன் தாற கிழவர், என்ர மகன் அதைச் சொன்னால் ஒரு நெத்தலிக் கை கூடப் போடுவார். வாழ்த்துக்கு வாழ்த்தைத் திருப்பிச் சொல்லாமல், கேட்டவனுக்கு ஆசி கொடுக்கிற வகை இது. சின்னவன் பெரியவருக்கு 'உங்களுக்கும்' என்று சொல்ல இங்கே இடமே இல்லை.

சான்தா ரொஸாலியா திருவிழா பற்றியும் சொல்ல வேணும். ஜூலை 14 இரவு தேர் குவாத்ரோ கான்தி நாற்சந்தியில் நிற்க, நகரபிதா மேலே ஏறி 'வீவா பலெர்மோ ஏ சான்தா ரொஸாலியா' என்று கத்துவார். கீழே நிற்கிற முழுச் சனமும் 'வீவா' என்று திருப்பிக் கொடுக்கும். 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இருந்து ஊரைக் காப்பாற்றின புனிதை அவ என்ற நம்பிக்கை. எங்கட சைவ ஆக்களும் பெல்லெக்ரீனோ மலையேறி அவவைக் கும்பிடுகினம். செப்டம்பர் 4க்கு முதல் இரவு நடந்து ஏறுகிற கூட்டத்தில் தமிழும் கேட்கும்.

அப்புறம் பெயர்நாள். அந்தோணி, யோசேப்பு, லூசியா என்று பெயர் உள்ளவர்கள் கவனியுங்கோ. ஜூன் 13, மார்ச் 19, டிசம்பர் 13 நாட்களில் வேலையிடத்தில் 'புவோன் ஓனொமாஸ்திகோ' என்று கை குலுக்குவினம். பிறந்தநாள் இல்லையே என்று முழிக்கத் தேவையில்லை, அந்தப் புனிதரின் நாள். 'கிராட்ஸியே' சொன்னால் முடிந்தது. வாழ்த்தினவருக்கும் அதே பெயர் என்றால் மட்டும் 'அல்த்ரெத்தான்தோ'. தெற்கில் ஒரு அறைக்குள் மூன்று ஜுசெப்பே (யோசேப்புதான்) இருப்பது சாதாரணம், அதனால் அந்த வாய்ப்பைச் சும்மா நினைக்க வேண்டாம்.

நாப்போலி_அக்கா:

அண்ணை, நாப்போலியில் ஜென்னாரோ. செப்டம்பர் 19 அன்று தெருவில் நின்று 'அவுகூரி' என்று கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

போ_ஆற்றங்கரை:

பிறந்தநாளுக்கு 'அவுகூரி' என்றால்? அதற்கும் நன்றி மட்டும்தானா?

பொலோன்யா_வாசி:

வாயால் நன்றி, கையால் காப்பி. இங்கே பிறந்தநாள்காரர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். 'அவுகூரி' சொன்ன சக ஊழியர்களைக் கீழே பாருக்கு (இங்கே அது காப்பிக்கடை) அழைத்துப்போய் 'ஓஃப்ரோ இயோ' (என் செலவு) சொல்வதுதான் அந்த வாழ்த்துக்கு மறுமொழி. அல்லது காலையிலேயே கொர்னேத்தோ (பிறை வடிவ இனிப்பு ரொட்டி) ஒரு பெட்டி வாங்கி மேசையில் வைத்துவிடுவார்கள். முதல் நாளே வாழ்த்திவிடாதீர்கள், தேதிக்கு முன்னால் வாழ்த்துவது ஆகாது என்பதில் பகுத்தறிவாளர்கள்கூட இங்கே உறுதியாக இருக்கிறார்கள். ஒரு நாள் பிந்தினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மார்ச் 8 பெண்கள் நாளிலும் 'அவுகூரி' என்று மஞ்சள் மிமோசாக் கொத்தை நீட்டுவார்கள். 1946இலிருந்து அந்தப் பூ அந்த நாளுக்கு அடையாளம். கொடுக்கிறவர் பெண் என்றால் 'ஆன்கே ஆ தே'. ஆண் என்றால் நன்றி சொன்னால் போதும், சிரிக்க ஆசைப்பட்டால் மட்டும் 'அல்த்ரெத்தான்தோ'.

சும்மா_வந்தவன்:

ஆக, என் ஒரே சாவி பிறந்தநாள், ஓட்டல், ஓநாய், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், மீன் கிழவர் எல்லா இடத்திலும் உடைந்துவிட்டது. லிஃப்ட் மட்டும் மிச்சம்.

நாப்போலி_அக்கா:

டிசம்பர் இருக்கிறதே. அந்த மாதம் முழுக்க உங்கள் சாவிதான்.

இலக்கணப்_பூனை:

ஆமாம், பண்டிகைக்குத்தான் 'அல்த்ரெத்தான்தோ' சரியான வீட்டில் இருக்கிறது. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் இரண்டு பேருக்கும் பொது. 'புவோனே ஃபெஸ்தே' என்றால் 'கிராட்ஸியே, அல்த்ரெத்தான்தோ'. இங்கே குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது மரியாதை: 'ஆ லேய் ஏ ஃபமீல்யா'. மாதக் கடைசியில் 'புவோனா ஃபீனே ஏ புவோன் ப்ரின்ச்சீப்யோ' என்பார்கள், முடிவும் நல்லதாக, தொடக்கமும் நல்லதாக. எழுதும்போது 'ரிகாம்பியோ' என்று ஒரு சொல் உண்டு, வாழ்த்தைத் திருப்பி அளிக்கிறேன் என்று. பேச்சிலும் வரும். ஆனால் கடிதம், மின்னஞ்சல், கைபேசிச் செய்தியில்தான் அது அழகு.

யாராவது 'உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்' என்கிற பொருளில் 'ஸலூதாமி துவா மாம்மா' என்றால், அதற்கு 'உனக்கும்' என்று சொல்ல முடியாது. 'ஸரா ஃபாத்தோ' என்றால் போதும், செய்துவிடுகிறேன் என்று. பிறகு நிஜமாகவே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது 'சொன்னாயா' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜனவரி 6 எப்பிஃபானியாவோடு கணக்கு முடியும். அன்றைக்குக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொண்டுவருவது பெஃபானா என்கிற துடைப்பக் கிழவி. அந்தப் பெயரில் பெண்களுக்கு வாழ்த்துச் சொல்லிக் கலாய்ப்பார்கள். அதற்கு மறுவாழ்த்து என்ன என்பதை அந்தப் பெண்களே முடிவு செய்துகொள்வார்கள்.

போ_ஆற்றங்கரை:

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். வீட்டுக்கார அம்மாவிடமிருந்து இப்போதுதான் செய்தி வந்தது, எனக்கும் குடும்பத்துக்கும் பண்டிகை வாழ்த்து என்று. மின்னுகிற கிறிஸ்துமஸ் மரப் படமும் கூடவே. அவர் என்னை 'தூ' என்கிறார், நான் அவரை 'லேய்' என்றுதான் சொல்கிறேன். இப்படி எழுதலாமா: 'கிராட்ஸியே மில்லே! ரிகாம்பியோ தி குவோரே ல்யி அவுகூரி, ஆன்கே லேய் ஏ ஃபமீல்யா.'

இலக்கணப்_பூனை:

கிட்டத்தட்ட வந்துவிட்டது. 'ரிகாம்பியோ' சொன்ன பிறகு 'ஆன்கே' மிகை, 'ஆ'வையும் காணோம். 'கிராட்ஸியே மில்லே! ரிகாம்பியோ தி குவோரே ல்யி அவுகூரி ஆ லேய் ஏ அல்லா ஸுவா ஃபமீல்யா.' இத்தாலிய எழுத்தில் தட்டும்போது 'லேய்'க்கும் 'ஸுவா'வுக்கும் பெரிய எழுத்துப் போட்டால் கூடுதல் மரியாதை. வயதானவர் என்றால் கவனிப்பார். அவர் 'தூ' சொல்வதால் நீங்களும் மாற வேண்டியதில்லை, அவராகச் சொல்லும்வரை 'லேய்'யிலேயே இருங்கள்.

வெரோனா_நர்ஸ்:

மரப் படம் வந்ததா? இனி தினமும் காலையில் காப்பிக் கோப்பைப் படத்தோடு 'புவோன்ஜோர்னோ' (காலை வணக்கம்) வரும். 'புவோன்ஜோர்னிஸ்ஸிமோ' என்று இந்த ஊர்ப் பிள்ளைகளே பெரியவர்களைக் கேலி செய்கிற அளவுக்கு அது பிரபலம். தினமும் வருகிறதற்கெல்லாம் பதில் போட வேண்டாம், வாரத்துக்கு ஒருமுறை போட்டால் தாராளம்.

போ_ஆற்றங்கரை:

அனுப்பிவிட்டேன். உடனே 'கிராட்ஸியே காரோ, அல்த்ரெத்தான்தோ!' என்று வந்துவிட்டது. இதற்கு இன்னொரு பதில் போடணுமா?

நாப்போலி_அக்கா:

போடாதே தம்பி. போட்டால் அவர் திரும்பப் போடுவார். ஒரு இதயத்தை வைத்துவிட்டுப் படிக்கப் போ.